உழைப்புக்கு இல்லாத தீட்டு உரிமைக்கு மட்டும் ஏன்?

திலகவதியார் வாழ்ந்த திருவதிகையிலிருந்து நெய்வேலி குவார்ட்டர்ஸ் வரை: 'மூணு நாள்' வழக்கம் எங்கே வளைகிறது, எங்கே வளைய மறுக்கிறது?

அப்பருக்குத் திருநீறு கொடுத்தது ஒரு பெண்ணின் கை.

ஏழாம் நூற்றாண்டில், சூலை நோய் வயிற்றைப் பிசைய, பாடலிபுரத்துச் சமணப் பள்ளியிலிருந்து இருட்டோடு இருட்டாகத் திருவதிகைக்கு வந்து சேர்ந்தார் மருள்நீக்கியார், பின்னாளின் அப்பர். அவர் தேடி வந்தது அக்காள் திலகவதியாரை. மணம் பேசி வைத்திருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டுபோக, தானும் உயிரை விடத் துணிந்து, தம்பிக்காக வாழ முடிவெடுத்தவர் அவர். கெடிலக்கரையில் மடம் அமைத்து, விடியும் முன்பே வீரட்டானேசுவரர் கோயிலைப் பெருக்கி, சாணமிட்டு மெழுகி, பூப்பறித்து மாலை கட்டியவர். காலில் விழுந்த தம்பியைத் தூக்கி, ஐந்தெழுத்து ஓதித் திருநீறு கொடுத்துக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றவரும் அவர்தான். தேவாரத்தில் அப்பரின் முதல் பதிகம் அந்த இடத்தில் பிறந்தது. பெரிய புராணம் சொல்லும் வரலாறு இது. அறுபத்துமூவர் பட்டியலில் திலகவதியாருக்கு இடமில்லை என்றாலும், திருவதிகைக் கோயிலில் அவருக்குச் சன்னதி இருக்கிறது.

ஒரு பெண் குருவாக நின்ற ஊர் இது. ஆனால் பண்ருட்டியை ஒட்டிய இந்த ஊரிலும், சுற்றியுள்ள நூற்றுக்கணக்கான ஊர்களிலும், மாதத்தில் மூன்று முதல் ஐந்து நாள், மாதவிலக்கின்போது, பெண்கள் கோயில் பக்கம் போவதில்லை. யாரும் வாசலில் நின்று தடுக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு வயதிலேயே சொல்லிக் கொடுக்கப்பட்டதை அவர்கள் தாங்களாகவே கடைப்பிடிக்கிறார்கள். பூசை அறைப் பக்கம் போகாதே, ஊறுகாய் ஜாடியைத் தொடாதே, துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றாதே, நல்ல காரியம் நடக்கிற வீட்டுக்குப் போகாதே என்று அந்தப் பட்டியல் நீளும்.

இந்த வழக்கத்தைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று புலப்படும். அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

எங்கே வளைந்தது?

பண்ருட்டி என்றால் பலாவும் முந்திரியும். முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகைகளில் பெண்களின் கைதான் ஓடுகிறது. ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் விரல் தோல் வெந்து கறுத்துப்போகும். உடைக்கிற அளவுக்குத்தான் கூலி. அங்கே 'இன்றைக்குத் தூரம்' என்று எவரையும் ஒதுக்கி வைப்பதில்லை. ஒதுக்கினால் மூட்டை நகராது. அவள் உடைத்த பருப்பு நெய்யில் வறுபட்டுக் கோயில் சர்க்கரைப் பொங்கலில் விழுகிறது. அது எந்த நாளில், யார் கையால் உடைபட்டது என்று யாரும் கேட்பதில்லை. நடவு வயலிலும் இதே கதை. நாற்று முடிச்சைத் தொடுவதற்கு விலக்கு கிடையாது. அந்த நெல் அரிசியாகி, படையலாகிச் சன்னதிக்குள் போகும். நட்டவள் வெளியே நிற்பாள்.

நெய்வேலியில் இன்னொரு விதமாக வளைந்தது. 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டு, நகரியம் எழுந்து, சுற்றுவட்டாரத்திலிருந்தும் தமிழகமெங்குமிருந்தும் குடும்பங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தன. ஊரில் இருந்த திண்ணையும் கொல்லைப்புறக் கொட்டகையும் இங்கே இல்லை. அடுப்பைப் பார்த்துக்கொள்ள மாமியாரோ நாத்தனாரோ ஓரகத்தியோ இல்லை. கணவருக்கு முதல் ஷிஃப்ட், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். சமைத்தே ஆக வேண்டும். அடுப்படிக்கான விலக்கு அங்கே பல குடும்பங்களில் சத்தமில்லாமல் போய்விட்டது. எந்தச் சாத்திரமும் திருத்தப்படவில்லை, எந்தப் பெரியவரும் அனுமதி வழங்கவில்லை. தேவை வந்தது, தீட்டு விலகிக்கொண்டது. ஆனால் அதே வீட்டின் பூசை அலமாரிக்கு முன்னால், அதே பெண்ணுக்கு, அதே நாளில் விலக்கு அப்படியே நிற்கிறது.

அவள் உழைப்பு தேவைப்படும் இடத்தில் எல்லாம் தீட்டு வழிவிட்டிருக்கிறது. அவள் உரிமை தொடங்கும் இடத்தில் மட்டும் அது கறாராக நிற்கிறது. உண்மையிலேயே இரத்தம்தான் பிரச்சினை என்றால் சோற்றுப்பானையும் பூசை விளக்கும் ஒரே மாதிரிதான் தீட்டுப்பட வேண்டும். அப்படி நடக்கவில்லை.

யார் செய்த பாவம்?

இந்த வழக்கம் நேற்று வந்ததல்ல. 'வெளியிலிருந்து வந்தது' என்று தமிழர்கள் கைகழுவிவிடவும் முடியாது. புறநானூற்றின் 299-ஆம் பாடலில் பொன்முடியார், போர்க்களத்தில் ஒதுங்கி நின்ற குதிரைகளுக்கு ஓர் உவமை சொல்கிறார்: முருகன் கோட்டத்தில் கலம் தொடாமல் விலகி நிற்கும் பெண்கள். விலக்கு அன்றே இருந்திருக்கிறது. அதைப் பதிவு செய்தவரும் ஒரு பெண் புலவரே.

வடமொழி மரபு இதற்கு ஒரு காரணக் கதையையும் தருகிறது. துவஷ்டாவின் மகன் விசுவரூபனை இந்திரன் கொன்றான். பிரம்மஹத்தி தோஷம் பற்றிக்கொண்டது. அதைச் சுமக்க முடியாமல் நிலம், மரம், பெண்கள் ஆகியோரிடம் பகிர்ந்து கொடுத்தான். பெண்கள் வாங்கிக்கொண்ட பங்குதான் மாதவிலக்கு என்கிறது தைத்திரீய சம்ஹிதை. பாகவதம் நீரையும் சேர்த்து நான்கு பங்காக்குகிறது. கொலை செய்தவன் தேவராஜனாகத் தொடர்கிறான். அவன் பாவத்தைத் தாங்கிக்கொண்டவள் விலக்கப்படுகிறாள். நிலத்தின் பங்கு நிலத்தில் வெடிப்பாகவும், மரத்தின் பங்கு பிசினாகவும் வெளிப்பட்டதாகக் கதை சொல்கிறது. பிசின் வடியும் மரத்தை எவரும் ஊருக்கு வெளியே நட்டதில்லை.

தைத்திரீய சம்ஹிதை அதோடு நிற்கவில்லை. அந்நாட்களில் தலை வாரினால், மை தீட்டினால், நகம் வெட்டினால், நூல் நூற்றால், பிறக்கும் பிள்ளைக்கு இன்ன குறை வரும் என்று ஒரு வரிசையே சொல்கிறது. மிரட்டல் அவளுக்கு அல்ல, அவள் பிள்ளைக்கு. இந்த வழக்கம் இத்தனை நூற்றாண்டு தாக்குப்பிடித்த சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. தனக்கு வரும் தண்டனையைத் துணிந்து ஏற்கும் பெண்ணும், பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றால் அடங்கிப்போவாள். மகளை ஒதுக்கி உட்கார வைக்கும் தாயை, மருமகளைக் கண்காணிக்கும் மாமியாரைக் கொடியவர்களாகச் சித்திரிப்பது எளிது. அவர்களுக்குள் இருப்பது பெரும்பாலும் பயம். பயத்தைத் திட்டிப் போக்க முடியாது.

மறுப்புக் குரலும் இதே மண்ணில் எழுந்ததுதான். தீட்டு என்று ஒதுக்கும் அந்த உதிரமே திரண்டு உடம்பானது, அப்படியானால் தீட்டில்லாத உடம்பு எது என்று ஆசாரக்காரர்களைப் பார்த்துக் கேட்டவர் சிவவாக்கியர். அதற்கு இன்றுவரை ஒழுங்கான பதில் வரவில்லை.

மற்ற மதங்களும் விதிவிலக்கல்ல. பைபிளின் லேவியராகமம் ஏழு நாள் விலக்கு சொல்கிறது. ஆனால் நம் வீட்டைச் சீர்செய்ய அடுத்த வீட்டின் குறை உதவாது.

ஓராடையில் நின்ற தெய்வம்

கடலூர், விழுப்புரம் வட்டாரத்தின் தெய்வம் திரௌபதி அம்மன். சித்திரை, வைகாசி வந்தால் ஊருக்கு ஊர் பாரதப் பிரசங்கம், விடிய விடியத் தெருக்கூத்து, படுகளம், தீமிதி. அந்தக் கூத்தில் ஊரே உறைந்து பார்க்கும் இரவு துகிலுரிதல் இரவு.

அன்று திரௌபதி இருந்த நிலை என்ன? வியாச பாரதம் மறைக்காமல் சொல்கிறது: அவள் மாதவிலக்கில், ஒற்றை ஆடையில் இருந்தாள். பாரதியும் 'பாஞ்சாலி சபத'த்தில் அதை விடவில்லை. அந்த நிலையில் கூந்தலைப் பிடித்து இழுத்து வரப்பட்டுச் சபை நடுவே நிறுத்தப்பட்டாள். 'தன்னையே தோற்றவன் என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது?' என்ற அவள் கேள்விக்குப் பீஷ்மரே திணறினார். அந்த நிலையில்தான் கண்ணனைக் கூப்பிட்டாள். இன்றைக்கு நீ விலக்கு, மூன்று நாள் கழித்துக் கூப்பிடு என்று அவன் சொல்லவில்லை. புடவை வளர்ந்தது.

அந்தத் திரௌபதியைத்தான் அம்மனாக்கிக் கும்பிடுகிறோம். அவள் கோயிலுக்கே, அவள் அன்றிருந்த நிலையில் இருக்கும் பெண் போகக்கூடாது என்கிறோம். விலக்கில் இருக்கும் பெண்ணின் குரல் கடவுளுக்குக் கேட்குமா என்ற கேள்விக்கு நம் தெருக்கூத்து மேடை ஆண்டுதோறும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

வேறு பதில்களும் இந்த நாட்டில் உண்டு. அசாமின் காமாக்யா கோயிலில் ஆனி மாத வாக்கில் அம்புபாச்சி விழா. தேவிக்கு மாதவிலக்கு என்று மூன்று நாள் நடை சாத்தி, பிறகு திறக்கும்போது லட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள். அதே பருவத்தில் ஒடிசாவில் ரஜ பண்டிகை. பூமித்தாய்க்கு ஓய்வு என்று ஏர் பூட்டுவதில்லை, பெண்கள் புதுத்துணி உடுத்தி ஊஞ்சலாடுகிறார்கள். கேரளத்துச் செங்ஙன்னூரில் பகவதிக்குத் திருப்பூத்து விழா எடுக்கிறார்கள். கல்லுக்கும் மண்ணுக்கும் வந்தால் கொண்டாட்டம், உயிருள்ள பெண்ணுக்கு வந்தால் விலக்கு. நமக்குள் இருக்கும் முரண் இது.

வழக்கம் பறித்த உயிர்

'சும்மா மூணு நாள் ஒதுங்கி இருப்பதில் என்ன குறைந்துவிடும்?' என்று கேட்பவர்கள் 2018 நவம்பர் 16 அதிகாலையை நினைக்க வேண்டும். கஜா புயல் கரையைக் கடந்த இரவு. பட்டுக்கோட்டை அருகே அணைக்காட்டில், அப்போதுதான் வயதுக்கு வந்த ஒரு பள்ளிச் சிறுமியை வீட்டுக்கு வெளியே, தென்னந்தோப்புக் குடிசையில் தங்க வைத்திருந்தார்கள். துணைக்குத் தாய் இருந்தார். காற்றில் முறிந்த தென்னை குடிசை மேல் விழுந்தது. சிறுமி இறந்தாள், தாய் காயங்களோடு பிழைத்தார். புயல் வருவது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வீடும் பக்கத்திலேயே இருந்தது. அந்த வீட்டின் கதவை அவளுக்கு அடைத்தது புயல் அல்ல.

மதுரை மாவட்டம் டி.கல்லுப்பட்டி பக்கம் கூவலாபுரம் உள்ளிட்ட சில ஊர்களில் 'முட்டுத்துறை' என்ற தனிக் கட்டடம் இன்றும் இருப்பது செய்திகளில் வந்திருக்கிறது. மாதவிலக்கு நாட்களில் பெண்கள் அங்கே போய்த் தங்க வேண்டும். பிள்ளை பெற்றவர்களும் பச்சிளம் குழந்தையோடு அங்கேதான். இன்று யார் வீட்டில் யாருக்கு என்பது ஊர் முழுக்கத் தெரியும்.

பள்ளிக்கூடமும் தப்பவில்லை. 2025 ஏப்ரலில் பொள்ளாச்சிப் பகுதியில் ஒரு தனியார் பள்ளியில், பூப்பெய்திய எட்டாம் வகுப்பு மாணவியை வகுப்புக்கு வெளியே படிக்கட்டில் உட்கார வைத்துத் தேர்வு எழுதச் செய்தார்கள். பட்டியல் சமூகத்துச் சிறுமி அவள். தாய் எடுத்த காணொளி வெளியே வந்த பிறகே தலைமை ஆசிரியை பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். 2020 பிப்ரவரியில் குஜராத்தின் புஜ் நகரில் ஒரு மகளிர் கல்லூரியில், விடுதியின் மாதவிலக்கு விதிகளை மீறியவர் யார் என்று கண்டுபிடிக்க 60-க்கும் மேற்பட்ட மாணவிகளின் உள்ளாடையைக் களையச் செய்து சோதித்தார்கள். நேபாளத்தின் மேற்குப் பகுதியில் 'சௌபடி' குடிசைகளில் குளிராலும் புகையாலும் பாம்புக்கடியாலும் பெண்கள் இறந்துகொண்டே இருந்தார்கள். அந்நாடு 2017-இல் சட்டம் இயற்றி, பெண்ணை அப்படி ஒதுக்குவோருக்கு மூன்று மாதச் சிறை அல்லது 3,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது.

உயிரை எடுக்காத இன்னொரு தண்டனை மருந்துக்கடையில் மாத்திரையாக விற்கிறது. கல்யாணம், கிரகப்பிரவேசம், கோயில் பயணம் என்று தேதி குறித்தால், வீட்டுப் பெண்கள் நாள் எண்ணத் தொடங்குகிறார்கள். நாள் இடித்தால் நோரெதிஸ்டிரோன் மாத்திரை. தள்ளிப்போட வேண்டிய நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்தே விழுங்க வேண்டிய ஹார்மோன் மருந்து இது. மருத்துவர் சீட்டு இல்லாமலே பலர் வாங்குகிறார்கள். இரத்தம் உறையும் கோளாறோ கல்லீரல் நோயோ இருப்பவர்களுக்கு இது ஆபத்து. இருக்கிறதா என்று கேட்கக்கூட ஆள் இல்லாமல் வாங்கப்படும் மருந்து, முகூர்த்தத்துக்காக.

நாப்கின் வந்தது, நாற்காலி வரவில்லை

தமிழ்நாடு சாதித்ததையும் சொல்ல வேண்டும். 2011-இல் அறிவிக்கப்பட்ட 'புதுயுகம்' திட்டம் கிராமப்புற வளரிளம் பெண்களுக்கு நாப்கினை இலவசமாகக் கொண்டுசேர்த்தது. மலிவு விலை நாப்கின் தயாரிக்கும் எளிய இயந்திரத்தை உருவாக்கிய கோவை அருணாசலம் முருகானந்தத்துக்கு 2016-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நாப்கின் மீது 2017-இல் போட்ட 12 சதவீத ஜிஎஸ்டி, எதிர்ப்புக்குப் பிறகு 2018 ஜூலையில் நீங்கியது. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 24 வயதுப் பெண்களில் சுமார் 98 சதவீதம் பேர் மாதவிடாய்க்குச் சுகாதாரமான முறையைப் பயன்படுத்துகிறார்கள். நாட்டின் சராசரி சுமார் 77 சதவீதம்தான்.

ஆக, 'அந்தக் காலத்தில் சுத்தம் பேண வசதியில்லை, அதனால் ஒதுக்கினார்கள்' என்ற வாதத்தின் கால் முறிந்துவிட்டது. வசதி வந்துவிட்டது. விலக்கு போகவில்லை. சுத்தத்துக்காக வந்த வழக்கமாக இருந்தால் சுத்தம் வந்ததும் கிளம்பியிருக்க வேண்டும்.

அடுத்த வாதம் ஓய்வு. இதை மதித்தே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல பாட்டிமார்களுக்கு அந்த மூன்று நாள்தான் அடுப்பிலிருந்து கிடைத்த ஒரே விடுதலை. ஆனால் ஓய்வெடுப்பவருக்கு மெத்தையைத் தருவோம், தலையணையைப் பறிக்கமாட்டோம். ஓய்வெடுப்பவர் தொட்ட டம்ளரைத் தனியே கவிழ்த்து வைக்கமாட்டோம். உண்மையான ஓய்வு எப்படி இருக்கும் என்பதற்குப் பீகார் உதாரணம் இருக்கிறது. 1992 முதலே அம்மாநில அரசுப் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் விடுப்பு. அது உரிமை. உட்கார வேண்டிய இடத்தை இன்னொருவர் தீர்மானித்தால் அது ஓய்வாகாது.

ஒதுக்கலின் மறைமுக விலை உடல்நலம். ஒரு சுழற்சியில் வெளியேறும் இரத்தம் பொதுவாக 30 முதல் 40 மில்லி. 80 மில்லியைத் தாண்டினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆனால் பேசக்கூடாத விஷயம் என்று பழக்கப்பட்டவள், அதிக இரத்தப்போக்கையும் தாங்க முடியாத வலியையும் ஆண்டுக்கணக்கில் சொல்லாமல் மறைக்கிறாள். அதே குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. எந்தத் தட்டில் சாப்பிட வேண்டும் என்று விதி வகுத்த வீடு, தட்டில் கீரையும் முட்டையும் இருக்கிறதா என்று பார்த்ததில்லை.

நீதிமன்றமும் கருவறையும்

2018 செப்டம்பர் 28 அன்று சபரிமலை வழக்கில் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் எல்லா வயதுப் பெண்களுக்கும் அனுமதி உண்டு என்றது. மாதவிலக்கைக் காரணம் காட்டி ஒதுக்குவதும் ஒரு வகைத் தீண்டாமைதான், அரசியல் சாசனத்தின் 17-ஆவது பிரிவு அதற்கும் பொருந்தும் என்று எழுதினார் நீதிபதி சந்திரசூட். மாற்றுத் தீர்ப்பு அந்த அமர்வின் ஒரே பெண் நீதிபதியான இந்து மல்ஹோத்ராவுடையது. மத நம்பிக்கையில் நீதிமன்றம் தலையிடலாகாது என்பது அவர் நிலை. 2019 நவம்பரில் இந்தக் கேள்விகள் பெரிய அமர்வுக்குப் போயின.

தமிழ்நாட்டில் சபரிமலைத் தீர்ப்புக்குப் பத்தாண்டு முன்பே ஒரு வாசல் திறந்தது. உசிலம்பட்டிப் பகுதியில் ஒரு கிராம அம்மன் கோயிலில், தந்தைக்குப் பின் பூசை செய்து வந்த பெண்ணை, பெண் என்பதற்காகவே தடுத்தார்கள். 2008-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கே. சந்துரு, பெண் பூசாரியாக இருக்கத் தடையேதும் இல்லை என்று தீர்ப்பளித்தார். தெய்வமே பெண்ணாக இருக்கும் கோயிலில் பூசாரி பெண்ணாக இருந்தால் என்ன கெட்டுவிடும் என்பதே அந்த வழக்கின் அடிப்படைக் கேள்வி.

நீதிமன்றத்துக்குப் போகாமலே மாறிய இடமும் உண்டு. மேல்மருவத்தூரில் பங்காரு அடிகளார் பெண்களைக் கருவறைக்குள் சென்று தாங்களே வழிபடச் செய்தார், மாதவிலக்கு நாட்களிலும் தடையில்லை என்றார். செவ்வாடையில் பேருந்து பேருந்தாகப் போன பெண்களில் பெரும்பாலோர் உழைக்கும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்கள் பக்தியைக் கைவிடவில்லை, பயத்தைத்தான் கைவிட்டார்கள். தெய்வக் குற்றம் எதுவும் வந்துவிடவில்லை.

2023 செப்டம்பரில் இன்னொரு செய்தி வந்தது. திருவரங்கத்தில் அரசின் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளியில் மூன்று பெண்கள் படித்துத் தேறினார்கள். அவர்களில் இருவர் கடலூர் மாவட்டத்தவர்கள், திலகவதியார் தொண்டு செய்த அதே மாவட்டம். உடனே எழுந்த கேள்வி, 'அந்த மூன்று நாள் என்ன செய்வார்கள்?' படித்தார்களா, மந்திரம் தெரியுமா, ஆகமம் தெரியுமா என்பதெல்லாம் அதற்குப் பின்னால்தான். ஒரு பெண் எந்தப் பதவியை நெருங்கினாலும் தீட்டை எடுத்து முன்னால் வைப்பது எவ்வளவு வசதியான ஆயுதம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அவர்கள் வேண்டிய நாளில் விடுப்பு எடுக்கலாம், வேண்டாத நாளில் வேலை செய்யலாம். முடிவு அவர்களுடையதாக இருந்தால் போதும்.

இனி என்ன செய்வது?

விரும்பி ஒதுங்கியிருக்கும் பெண்ணின் நம்பிக்கையை யாரும் கேலி செய்யத் தேவையில்லை. அவள் கோயிலுக்குப் போகாமல் இருப்பது அவள் முடிவு. ஆனால் போக விரும்புகிற மகளைத் தடுக்காமல் இருப்பது வீட்டின் கடமை. போகாமலிருக்க உரிமை உண்டு என்றால் போகவும் உரிமை உண்டு.

வீட்டில் தனித் தட்டும் தனிப் பாயும் இன்றோடு போகட்டும். மகளுக்கு மட்டும் ரகசியமாகச் சொல்வதை மகனுக்கும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். இது என்னவென்று தெரிந்து வளரும் பையன் நாளைக்குக் கணவனாக, ஆசிரியனாக, அறங்காவலனாக வேறு மாதிரி நடந்துகொள்வான். பள்ளிகளில் நாப்கினோடு தண்ணீர் வரும் கழிப்பறையும், அறிவியல் பாடத்தின் அந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போகாத ஆசிரியரும் வேண்டும். முட்டுத்துறை போன்ற கட்டடங்களைப் படிப்பகமாகவோ அங்கன்வாடியாகவோ மாற்ற ஊராட்சிகள் தீர்மானம் போடலாம். திரௌபதி அம்மன் கோயில் விழாக் குழுக்கள், இந்த ஆண்டு தீமிதி நோட்டீஸில், எல்லாப் பெண்களும் எல்லா நாளும் வரலாம் என்று ஒரு வரி சேர்க்கலாம். பயிற்சி பெற்ற பெண் அர்ச்சகர்களுக்கு அரசு நிரந்தரப் பணி ஆணை வழங்க வேண்டும்.

முந்திரிக் கொட்டகையிலும் நடவு வயலிலும் குவார்ட்டர்ஸ் அடுப்படியிலும் இந்த வழக்கத்தைத் தளர்த்தியது நாம்தான். தளர்த்தியதால் வானம் இடிந்து விழவில்லை. அங்கே முடிந்தது சன்னதி முன்னால் முடியாமல் போகக் காரணம் எதுவும் இல்லை. மாதத்தின் முப்பது நாளும் அவள் உழைப்பை ஏற்றுக்கொள்கிற வீடும் ஊரும் கோயிலும், அவளையும் முப்பது நாளும் ஏற்கக் கடமைப்பட்டவை.